24-200, எஃப்/2.8 ஜூம், பிரைம்: பயணப் பைக்குள் எது?

படமெடுக்கும் நண்பர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது, வந்தால் லேசில் முடியாது. பயணத்துக்கு எந்த லென்ஸ்? இதில் மூன்று கட்சிகள். 24 முதல் 200 மி.மீ. வரையான குவியத்தூரத்தை (எண் கூடக் கூடத் தூரத்துக் காட்சி அருகே வரும்) ஒரே குழலில் அடக்கிய சூப்பர்ஜூம் போதும் என்பவர்கள் ஒரு பக்கம். 24-70 எஃப்/2.8 ஜூம் (எஃப் எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்) இல்லாமல் கிளம்பவே கூடாது என்பவர்கள் இன்னொரு பக்கம். ஜூமே வேண்டாம், 35, 50, 85 என்று பிரைம் லென்ஸ்களை (ஒன்றுக்கு ஒரே குவியத்தூரம்தான்) எடுத்துக்கொண்டு கால் போன போக்கில் நட என்பவர்கள் மூன்றாவது. என் ஓட்டு யாருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சூப்பர்ஜூம் ஒன்று, கூடவே சின்னதாக ஒரு பிரைம். சம்பளத்துக்குப் படமெடுக்காதவர் பயணம் போகும்போது எஃப்/2.8 ஜூம் வீட்டிலேயே இருக்கலாம்.

முதலில் எடை. நிக்கான் இசட் வரிசையை எடுத்துக்கொள்வோம், மூன்று வகையும் ஒரே வீட்டில் கிடைக்கின்றன. 24-200 எஃப்/4-6.3 லென்ஸின் எடை 570 கிராம். 40 மி.மீ. எஃப்/2 பிரைம் 170 கிராம்தான், சட்டைப் பைக்குள் போய்விடும். இரண்டும் சேர்ந்து 740. 2019இல் வந்த 24-70 எஃப்/2.8 மட்டும் 805. ஒற்றை லென்ஸை விட இரண்டு லென்ஸ் லேசு! புதிய எஃப்/2.8 ஜூம்கள் இளைத்துவருகின்றன என்பதும் உண்மை. சோனியின் 24-70 ஜிஎம் 2016இல் 886 கிராமாக இருந்தது, 2022இல் வந்த இரண்டாம் பதிப்பு 695. ஆனாலும் 70 மி.மீ. தாண்டினால் அதன் கதை முடிந்தது.

"70இல் எடுத்துவிட்டு அப்புறம் வெட்டிக்கொள்ளலாமே" என்று பதில் வரும். 70 மி.மீ. படத்தை 200 மி.மீ. பார்வைக்கு வெட்டினால், பரப்பில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். 24 மெகாபிக்சல் கேமராவில் அது 3 மெகாபிக்சல். 4கே திரையை நிரப்பவே 8 மெகாபிக்சலுக்கு மேல் வேண்டும். எதிர்க்கரையில் வலை வீசும் ஆள், கோபுர உச்சியில் உட்கார்ந்த பறவை, மலைமுகட்டில் வரிசையாகப் போகும் ஆடுகள்: பயணத்தில் இவை வந்துகொண்டே இருக்கும். இங்கே சூப்பர்ஜூமின் மூலைக் கூர்மை சுமார் என்று குறை சொல்லிப் பயனில்லை. 3 மெகாபிக்சல் துண்டை விட, மூலை கொஞ்சம் மழுங்கிய 24 மெகாபிக்சல் படம் எவ்வளவோ மேல்.

பின்னணி மங்கலுக்காகவே எஃப்/2.8 வாங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். தூரத்துப் பின்னணி எவ்வளவு கரையும் என்பதை எஃப் எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆளைப் படச் சட்டத்துக்குள் அதே அளவில் வைத்து எடுக்கும்போது, லென்ஸின் திறப்பு எத்தனை மி.மீ. அகலம் என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அந்த அகலம் வரும். 70 மி.மீ., எஃப்/2.8 என்றால் 25 மி.மீ. 200 மி.மீ., எஃப்/6.3 என்றால் ஏறக்குறைய 32 மி.மீ. ஆக, பின்னால் தள்ளி நிற்க இடம் இருந்தால், சோப்ளாங்கி என்று ஒதுக்கிய சூப்பர்ஜூம்தான் தூரத்து மரங்களை அதிகமாகக் கரைக்கும். இடமில்லாத குறுகிய அறையில் இந்த வித்தை பலிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, சூப்பர்ஜூம் எங்கே காலை வாரும்? பொழுது சாய்ந்த பிறகு. கடைத்தெருவில் விளக்கு ஏற்றும் நேரம், ஆட்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை உறைய வைக்க ஷட்டர் 1/125 நொடியாவது வேண்டும். 24-200இல் 70 மி.மீ. வருவதற்குள்ளேயே திறப்பு எஃப்/6க்குச் சுருங்கிவிடும். கடைசியில் எஃப்/6.3. அதோடு ஒப்பிட்டால் எஃப்/2 பிரைம் உள்ளே விடும் வெளிச்சம் சுமார் 10 மடங்கு. ஜூமில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன், கூட்டினால் படத்தில் புள்ளி விழும்) 12800 கேட்கும் அதே காட்சிக்கு பிரைமில் 1250 போதும். முகத்தில் தோல் தோலாகத் தெரிவதற்கும் புள்ளி புள்ளியாகத் தெரிவதற்கும் உள்ள தூரம் அது. எஃப்/2.8 ஜூம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: எஃப்/2 தரும் வெளிச்சத்தில் பாதி. பகலில் எட்டாது, இரவில் பத்தாது. அதனால்தான் என் பட்டியலில் அதற்கு இடமில்லை. கல்யாண மண்டபத்தில் வேலை பார்ப்பவருக்கு அதுவே சோறு போடும் லென்ஸ், அது வேறு கதை.

இரவு என்றாலே பிரைம் என்றும் இல்லை. ஆளே அசையாத காட்சி, உதாரணமாக ஒரு பழைய மண்டபத்தின் உள்புறம் என்றால், 24-200இல் இருக்கும் அதிர்வுத் தடுப்பு கைகொடுக்கும். தூணில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, 24 மி.மீ. பக்கம் 1/4 நொடியில் எடுத்தாலும் படம் தேறும். அந்தத் தடுப்பு நம் கை நடுக்கத்துக்குத்தான் மருந்து, எதிரில் நடப்பவரின் காலுக்கு இல்லை. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் எப்போது லென்ஸை மாற்றுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பிரைம் மட்டுமே போதும் என்ற கட்சி மேல் எனக்கு மரியாதை உண்டு. 1925இல் விற்பனைக்கு வந்த முதல் லைகா கேமராவில் கழற்றவே முடியாத 50 மி.மீ. எஃப்/3.5 லென்ஸ்தான் இருந்தது, அதை வைத்தே உலகம் சுற்றினார்கள். தனியாக, அவசரமில்லாமல் நடப்பவருக்கு ஒரே குவியத்தூரம் பெரிய வரம். கேமராவைத் தூக்குவதற்கு முன்பே சட்டம் எங்கே விழும் என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். ஆனால் குடும்பத்தோடோ குழுவோடோ போகிறவருக்கு? சோனியின் 35, 50, 85 எஃப்/1.8 மூன்றையும் சேர்த்தால் 837 கிராம், எடை பரவாயில்லை. மாற்றுகிற வேலைதான் சிக்கல். கேமராவை அணைத்து, காற்றுக்கு முதுகு காட்டி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, புது லென்ஸின் பின்மூடியைத் தயாராகத் திருகிவைத்து... இதற்குள் கூட வந்தவர்கள் அடுத்த தெருவில் இருப்பார்கள். மணல் பறக்கும் இடத்தில் இதைச் செய்தால், தூசி உள்ளே படம் பதியும் சென்சாரில் ஒட்டி, எஃப்/11, எஃப்/16 வைத்து எடுக்கும் வானத்தில் எல்லாம் சாம்பல் பொட்டு விழும். சூப்பர்ஜூம் கூட்டணியில் ஒரு நாளைக்கு ஒரே மாற்றம்தான், அதுவும் மாலையில், அறைக்குள் வைத்தே.

மிக அகலக் காட்சிக்கென்று தனி லென்ஸ் தேவையா என்றால், நான் எடுப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் அந்த வேலையை ஃபோன் பார்த்துக்கொள்கிறது.

சூப்பர்ஜூம் வாங்குபவர் கடையிலேயே பார்க்க வேண்டியது ஒன்று. லென்ஸ் தரையைப் பார்க்கும்படி கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு எட்டு நடங்கள். குழல் தானாக வழுக்கி வெளியே நீள்கிறதா? பக்கவாட்டில் பூட்டும் பொத்தான் இருந்தால் அதைத் தள்ளிவிட்டு நடப்பது நல்லது.

இவ்வளவும் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவின் கணக்கு. அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவருக்கு டாம்ரான் 18-300 (620 கிராம்) அதே வேலையைச் செய்யும். இன்னும் சிறிய சென்சார் உள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்காரர்கள் பாடுதான் கொண்டாட்டம். அங்கே குவியத்தூரத்தை இரட்டிப்பாக்கிப் பார்க்க வேண்டும். ஒலிம்பஸ் 12-100 லென்ஸ் 561 கிராமில் 24-200இன் பார்வை முழுவதையும் தருகிறது, கடைசி வரை எஃப்/4 குறையாமல். சென்சார் சிறியது என்பதால் இருட்டில் அங்கேயும் பிரைம் தேவைப்படும். பானசோனிக்கின் 20 மி.மீ. எஃப்/1.7 எடையில் 100 கிராமைத் தாண்டாது, அதையும் பையில் போட்டுக்கொள்வதில் கஷ்டம் ஒன்றுமில்லை.