புராஸ்டேட் புற்றுநோய் மருந்துக்கு அடங்காதபோது: எலும்பு பயாப்ஸியா, ரத்தப் பரிசோதனையா?

அப்பாவுக்கு அபிராடரோன் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை வேலை செய்யாமல் போய், பிஎஸ்ஏ (இந்த நோயைக் கண்காணிக்க ரத்தத்தில் அளக்கும் புரதம்) மறுபடி ஏற ஆரம்பித்ததும், அடுத்த மருந்தை முடிவு செய்ய இரண்டு வழி சொன்னார்கள். எலும்பில் பரவிய இடத்தில் ஊசி விட்டுத் திசு எடுப்பது, இல்லையென்றால் கட்டியிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் ஓடும் டிஎன்ஏவைப் படிப்பது. நாங்கள் ரத்தத்துக்குப் போனோம். இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வலி குறைவு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே, விடுங்கள். எலும்புத் துண்டைப் பதப்படுத்த அமிலத்தில் ஊறவைத்தால் டிஎன்ஏ சிதைந்துவிடும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. ஊசி போன ஒரு இடத்தின் கதையை மட்டும்தான் அது சொல்லும் என்பது இன்னொரு குறை. சரி, முதலில் நோயைக் கண்டுபிடித்தபோது எடுத்த பழைய திசு இருக்கிறதே என்றால், பிஆர்சிஏ2 (டிஎன்ஏ பழுதைச் சரிசெய்யும் மரபணு) மாதிரி ஆரம்பத்திலேயே இருக்கும் மரபணுப் பிறழ்வுக்கு அது உதவும். ஆனால் ஆண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஆண்ட்ரோஜன் ஏற்பியில் வரும் எல்702ஹெச் போன்ற பிறழ்வுகள் பெரும்பாலும் சிகிச்சையின் நெருக்கடியில் பிறகு தலையெடுப்பவை. அந்தப் பிறழ்வு வந்த ஏற்பியை, அபிராடரோனோடு சேர்த்துத் தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டே தூண்டிவிடக்கூடும்!

ரத்தப் பரிசோதனையில் எல்லாமே எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. கட்டியின் டிஎன்ஏ ரத்தத்தில் சில மணி நேரத்துக்கு மேல் தங்காது, புது மருந்து பிடித்துக்கொண்டால் அளவு சட்டென்று சரிந்துவிடும். அதனால் நோய் ஏறிக்கொண்டிருக்கும்போது, அடுத்த மருந்து தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். அறிக்கையில் 'பிறழ்வு இல்லை' என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள், கட்டியின் டிஎன்ஏ எத்தனை சதவீதம் கிடைத்தது என்று கேளுங்கள். அது மிகக் குறைவென்றால் பிஆர்சிஏ2 முழுசாக அழிந்துபோயிருப்பதுகூடக் கண்ணில் படாமல் போகலாம். அப்புறம், வயதானவர்களின் ரத்த அணுக்களிலேயே ஏடிஎம், செக்2 மரபணு மாற்றங்கள் இருக்கலாம், அதைப் புற்றுநோயின் கணக்கில் எழுதிவிடுவதும் உண்டு. வெள்ளணுக்களையும் கூடவே சோதித்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

ரத்தத்தில் திரியும் புற்று செல்களை எண்ணுவது, அவற்றில் ஏஆர்-வி7 (ஆண்ட்ரோஜன் ஏற்பியின் மாறிய வடிவம்) தேடுவது என்று இன்னொரு வகையும் இருக்கிறது. 7.5 மில்லி ரத்தத்தில் அந்தச் செல்கள் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்ல அறிகுறி இல்லை என்பார்கள். நாங்கள் அதைச் செய்து பார்க்கவில்லை, அதனால் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

பிஎஸ்ஏ குறைவாகவே இருந்து ஸ்கேனில் மட்டும் நோய் வேகமாகப் பரவுகிறது, குறிப்பாகக் கல்லீரலில், என்றால் நானும் பயாப்ஸி பக்கம்தான். நியூரோஎண்டோகிரைன் (நரம்பு-ஹார்மோன் செல்களின் குணம் கொண்ட) வகையாக மாறிவிட்டதா என்பதை உறுதிசெய்யத் திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாக வேண்டும்.