அம்மா சொன்னார் 'இருக்கிறது', படிவத்தில் எழுதப்பட்டது 'இல்லை'

மலையகத்திலிருந்து பெற்றோரை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் ஒவ்வொருவரும் இதை வாசிக்க வேண்டும். ஹட்டனில் உள்ள ஒரு பயண முகவர் நிலையம் காப்புறுதி என்ற பெயரில் என் அம்மாவுக்குச் செய்தது பச்சை அநியாயம்.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியா போன குடும்பங்களில் சின்னம்மாவின் குடும்பமும் ஒன்று. இப்போது கூடலூரில் இருக்கிறார்கள். அங்கே ஒரு திருமணத்துக்கு அம்மா புறப்பட்டார். டிக்கெட், விசா எல்லாம் அந்த நிலையமே பார்த்தது. காப்புறுதி எடுக்காவிட்டால் இந்திய விசா கிடைக்காது என்றார்கள். அது பொய், இந்திய விசாவுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. என்றாலும் வயதானவர் தனியாகப் போகிறார் என்பதால் எடுத்தோம்.

படிவத்தை நிரப்பியவர் அங்கே வேலை செய்யும் இளைஞர். "தம்பி, எனக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது, கிளினிக்கில் மாத்திரை எடுக்கிறேன்" என்று அம்மா அவரிடம் தெளிவாகச் சொன்னார். நான் பக்கத்திலேயே இருந்தேன். "அதெல்லாம் பரவாயில்லை அம்மா, இந்த இடத்தில் கையெழுத்து வையுங்கள்" என்றார். முழுவதும் ஆங்கிலத்தில் இருந்த அந்தப் படிவம் உடனே உள்ளே போய்விட்டது. எங்கள் கைக்கு வந்தது ஒரே ஒரு தாள்: பெயர், பாஸ்போர்ட் இலக்கம், திகதிகள், டொலரில் ஒரு பெரிய தொகை. நிபந்தனைகள் எங்கே என்று கேட்டதற்கு, மின்னஞ்சலில் வரும் என்றார்கள். வரவேயில்லை.

கூடலூரில் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் இரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் தப்பியதே பெரிது. ஆஸ்பத்திரிக் கணக்கைத் தீர்க்கச் சின்னம்மா வீட்டில் நகைகள் அடகுக்குப் போயின.

இழப்பீடு கேட்டபோது காப்புறுதிக் கம்பனி மறுத்தது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உண்டா என்ற கேள்விக்குப் படிவத்தில் 'இல்லை' என்று இருக்கிறதாம். அந்தப் படிவத்தின் பிரதியை அப்போதுதான் கண்ணால் பார்த்தோம். அம்மா வாய்திறந்து சொன்ன நோயை அந்த இளைஞர் இல்லையென்று எழுதியிருந்தார். உண்மையை எழுதியிருந்தால் கட்டுப்பணம் கூடியிருக்கலாம், கம்பனி மறுத்தும் இருக்கலாம். விற்பனை கைநழுவக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

காப்புறுதியில், கேட்ட விவரத்தை மறைத்தால் பத்திரத்தையே செல்லாததாக்கக் கம்பனியால் முடியும். நிரப்பியது யாராக இருந்தாலும் கையெழுத்திட்டவரின் வாக்குமூலமாகவே அதை எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே நிரப்பிய படிவத்தின் பிரதி கையில் கிடைக்காமல் பணம் கட்டாதீர்கள். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரைப் பெயர்கள் உட்பட எல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குச் சில பத்திரங்கள் எதுவும் தராது, சில உயிராபத்தான கட்டத்தில் மட்டும் ஓரளவு தரும். எதை வாங்குகிறோம் என்பதை நிபந்தனைப் பத்திரம்தான் சொல்லும், முகவரின் வாய் அல்ல. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவுடன் அழைக்க வேண்டிய உதவி இலக்கத்தையும் பயணிப்பவரின் கைப்பையில் வையுங்கள். தாமதமாக அறிவித்தார்கள் என்று சொல்லியும் மறுப்பார்கள்.

பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா போகும் பெற்றோருக்கு இன்னொன்று. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம். தூதரகம் தொகையையும் காலத்தையும் பார்த்து விசா கொடுத்துவிட்டது என்பதற்காக, உங்கள் அம்மாவின் சீனி வருத்தத்துக்கும் அந்தப் பத்திரம் பணம் தரும் என்று நினைத்துவிடாதீர்கள்.

விற்பவருக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். பதிவுபெற்ற கம்பனிகளின் பட்டியல் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் இருக்கிறது. எங்களுக்கு நேர்ந்ததை முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிட்டோம். கிளினிக் புத்தகத்தின் பிரதியையும், அன்று அம்மா சொன்னதைக் கேட்ட என் வாக்குமூலத்தையும் இணைத்திருக்கிறோம். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் அடுத்து, காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போவோம். அதே நிலையத்தில் இப்படிக் கையெழுத்து வைத்தவர்கள் யாராவது இருந்தால், பயணம் முடிந்திருந்தாலும் சரி, இன்றே போய் உங்கள் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.