80 கிளாம்ப்புக்குக் காசு, போர்வெல்லில் போட்டது 11: மோட்டார் இறக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி வைத்திருக்கிறோம். எங்கள் போர்வெல் 850 அடி. 780 அடியில் ஏழரை எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் தொங்குகிறது. போன மாதம் அதை சர்வீஸ் பண்ணித் திரும்ப இறக்கியவர்கள் எங்களை ஏமாற்றிவிட்டார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழமான போரை நம்பிப் பயிர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

புது கேபிள் நாங்களே வாங்கிக் கொடுத்தோம். மூன்று கோர் தட்டை கேபிள், செம்பு, 6 ஸ்கொயர். இறக்கு கூலி தனி. அதோடு, கேபிளைப் பைப்போடு சேர்த்துப் பிடிக்கிற "ரப்பர் கிளாம்ப் 80" என்று எழுதி 2,000 ரூபாய், மோட்டார் ஒயரையும் கேபிளையும் சேர்க்கிற ஜாயிண்டுக்கு 600 ரூபாய் வாங்கினார்கள். 20 அடி ஜி.ஐ. பைப் 39. பைப்புக்கு இரண்டு கிளாம்ப் என்றால் கணக்கு சரிதானே என்று நானும் பேசாமல் கொடுத்துவிட்டேன்.

அன்று நான் மண்டிக்குப் போயிருந்தேன். அப்பா மட்டும் போர் பக்கத்தில் நின்றார். முதல் ஐந்து பைப் வரைக்கும் ஒழுங்காகக் கிளாம்ப் போட்டிருக்கிறார்கள். "வெயில்ல நிக்காதீங்கய்யா, போய் சாப்பிட்டு வாங்க" என்று அக்கறையாகச் சொன்னதும் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். திரும்பப் போனபோது முக்கால்வாசி பைப் உள்ளே போயிருந்தது. கேபிளில் வெறும் டேப்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, "கீழ எல்லாம் போட்டாச்சுங்கய்யா, மேல டேப்பே போதும்" என்றார்களாம். கேபிளையும் சுருளிலிருந்து மெல்லப் பிரித்து விடாமல், வரப்புக் கல் மேல் இழுத்துத்தான் உள்ளே விட்டிருக்கிறார்கள்.

சரியாக 22 நாள் ஓடியது. ஒரு நாள் காலையில் த்ரீ ஃபேஸ் வந்ததும் ஸ்டார்ட்டர் டிரிப் ஆகித் தானாக ஆஃப் ஆனது. நான் ரீசெட் பண்ணித் திரும்பப் போட்டேன், மறுபடியும் டிரிப். மூன்றாவது முறை போட்டபோது மோட்டார் எரிந்துவிட்டது. அது என் தப்பு. ஒரு முறை டிரிப் ஆனாலே நிறுத்திவிட்டு, மெக்கர் (கரண்ட் கசிவைச் சோதிக்கிற மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும்.

வேறு ஆள் தேடினோம். மாரண்டஅள்ளியிலிருந்து ஒரு பெரியவர் தன் ஆட்களோடு வந்து தூக்கினார். முதல் மூன்று பைப் வெளியே வந்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. நம் ஊரில் மேல் மண் இருக்கும் ஆழத்துக்குத்தான் கேசிங் (மண் சரியாமல் தடுக்கிற குழாய்) இறக்குவார்கள், அதற்குக் கீழே வெறும் பாறை. எங்கள் கேசிங் 60 அடியில் முடிகிறது. அந்த விளிம்பில் கேபிள் தேய்ந்து, மேல் உறை போய், உள் உறையும் போய், செம்பு பளபளவென்று தெரிந்தது. இரும்புக் கேசிங்கை அது தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இன்னும் கீழே போகப் போக, இரண்டு பைப்பைச் சேர்க்கிற சாக்கெட் வருகிற இடங்களில் எல்லாம் கேபிள் நசுங்கிய தடம். டேப் தண்ணீரில் ஊறி நழுவி, நாலைந்து பைப்புக்கு ஒரு இடத்தில் கொத்தாகக் கிடந்தது. கிளாம்ப்பை எண்ணினேன். 11. எல்லாமே அப்பா நின்று பார்த்தபோது போட்டவை.

பெரியவர் சொன்ன விளக்கம் இதுதான். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது அது சுற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மொத்த பைப்பும் ஒரு வெட்டு வெட்டித் திரும்பும். கேபிள் பைப்போடு ஒட்டி இருந்தால் அதோடு சேர்ந்து அசையும். தளர்ந்து தொங்கினால் பைப்புக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டி உரசும். எங்களுடையது ஆட்டோ ஸ்விட்ச். கரண்ட் வந்து போகிற ஒவ்வொரு முறையும் மோட்டார் தானாக ஸ்டார்ட் ஆகும். ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தடவை என்றாலும் 22 நாளில் நூறு வெட்டைத் தாண்டியிருக்கும்.

ஜாயிண்டைப் பிரித்தபோதுதான் எனக்கு இன்னும் வயிறு எரிந்தது. 600 ரூபாய் வாங்கிவிட்டு, வீட்டு ஒயரிங்குக்குச் சுற்றுகிற சாதா டேப்பைச் சுற்றியிருக்கிறார்கள். மூன்று ஒயரின் ஜாயிண்டும் ஒரே மட்டத்தில் பக்கம் பக்கமாக வருகிற மாதிரி முறுக்கி, மேலே டேப். உள்ளே தண்ணீர் இறங்கி செம்பு கறுத்துக் கிடந்தது.

பெரியவர் மூன்று ஒயரையும் வேறு வேறு நீளத்தில் வெட்டினார். ஒரு ஜாயிண்ட் பக்கத்தில் இன்னொரு ஜாயிண்ட் வரக்கூடாதாம். செம்புக் குழாய் போட்டு அழுத்தி, உள்ளே பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் டியூபைச் சூடு காட்டி ஒட்டி, அதன்மேல் ரப்பர் டேப், கடைசியில் சாதா டேப். ராத்திரி முழுக்க ஜாயிண்டை பக்கெட் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஒயருக்கும் தண்ணீருக்கும் மெக்கர் வைத்துக் காட்டிய பிறகுதான் இறக்கினார். ஒவ்வொரு பைப்பிலும் சாக்கெட்டை ஒட்டி ஒரு கிளாம்ப், நடுவில் ஒன்று. கேசிங் விளிம்பு வரும் இடத்தில், ஹோஸைக் கீறிக் கேபிளுக்குச் சட்டை மாதிரி போட்டுக் கட்டினார். போர் வாயில் கேபிள் மடங்கி வெளியே வருகிற இடத்துக்கும் அதே. அங்கிருந்து ஸ்டார்ட்டர் வரைக்கும் பி.வி.சி. பைப்புக்குள் விட்டுவிட்டோம், எலி கடிக்காமலும் வெயிலில் உறை வெடிக்காமலும் இருக்கும்.

முதலில் இறக்கியவருக்கு ஃபோன் பண்ணினேன். "கல்லு உரசினா நாங்க என்னண்ணா பண்றது" என்றார். கிளாம்ப் 11தான் இருந்தது என்றதும் கட் பண்ணிவிட்டார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. எரிந்த மோட்டாருக்குள் செம்புக் காயில் திரும்பச் சுற்றிக் கட்ட 9,500, திரும்பத் தூக்கி இறக்க 7,000, தேய்ந்த இடத்தை வெட்டிவிட்டு மேலே சேர்க்கப் புதுத் துண்டு கேபிள். தண்ணீர் இல்லாத ஆறு நாளில் தக்காளியில் பூ கொட்டியது தனி.

ஆள் பேசும்போதே ஒரு பைப்புக்கு எத்தனை கிளாம்ப், ஜாயிண்டுக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். கிளாம்ப்பை உங்கள் கையில் வைத்துக்கொண்டு, பைப்புக்கு இரண்டு இரண்டாக எடுத்துக் கொடுங்கள். கடைசிப் பைப் உள்ளே போகிற வரைக்கும் வீட்டு ஆள் ஒருவர் அங்கேயே இருக்கட்டும், சாப்பாட்டை அங்கேயே கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேசிங்கில் தேய்ந்த கேபிள் துண்டையும் அந்த ஜாயிண்டையும் வெட்டி எடுத்து மோட்டார் ரூமில் மாட்டி வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் யாராவது மோட்டார் இறக்கப் போவதாக இருந்தால், அதற்கு முன்னால் ஒரு தடவை தோட்டத்துக்கு வந்து கையில் எடுத்துப் பாருங்கள்.