காற்றுதான் குறைந்தது, கம்ப்ரஸரை மாற்றிவிட்டார்கள்: 1,180 வெள்ளி போன கதை

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் கார் ஏர்கோன் பார்க்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன்.

என்னுடையது 2014 மைவி. இரண்டு மாதமாகவே காற்று சரியில்லை. நாலாம் நம்பரில் வைத்தால் உள்ளே 'ஹூ'வென்று இரைச்சல். ஆனால் துவாரத்தில் கை வைத்தால், சூடான டீயை ஊதுகிற அளவுக்குத்தான் காற்று. வருகிற கொஞ்சமும் ஜில்லென்றுதான் இருந்தது. கதையே இந்த இடத்தில்தான் இருக்கிறது, அப்போது எனக்குத் தெரியவில்லை. ஜாலான் ஈப்போ ஜேமில் பின்சீட்டில் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு வந்ததைப் பார்த்த பிறகுதான் பட்டறைக்குப் போனேன்.

போமன் (மெக்கானிக்) காருக்குள் தலையைக்கூட நீட்டவில்லை. நேரே போனட்டைத் திறந்து கேஸ் அளக்கும் கேஜை மாட்டினார். "கேஸ் இல்லக்கா." 90 வெள்ளி. ஒரு மாற்றமும் இல்லை. மறுவாரம் போனால், "கம்ப்ரஸர் வீக்கா இருக்குக்கா. விட்டா பெல்ட்டும் சேந்து போயிரும்." நடு ரோட்டில் அம்மாவோடு நிற்பதை நினைத்துப் பயந்து தலையாட்டிவிட்டேன். 1,090 வெள்ளி. காற்று அதே டீ ஊதல்தான். "புதுசுல்ல, ஓட ஓட சரியாயிரும்" என்றார். கம்ப்ரஸர் என்ன செருப்பா, போடப் போட இளகுவதற்கு?

எங்கள் பிளாட்டில் டாக்சி ஓட்டி ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவர் இருக்கிறார். "ஃபில்டரைக் கழட்டிப் பாத்தியாம்மா?" என்றார். ஏர்கோன் காற்றில் வரும் தூசியைப் பிடிக்கிற ஃபில்டராம். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இடப்பக்க சீட்டுக்கு முன்னால் சாமான் போடும் பெட்டியின் இரண்டு ஓரத்தையும் உள்பக்கமாக அழுத்தினார், அது அப்படியே கீழே தொங்கியது. பின்னால் இருந்து உருவிய ஃபில்டர் கரிச்சட்டி அடி மாதிரி இருந்தது. மடிப்புக்கு மடிப்பு அங்சானா இலைத் தூள் (மரத்தடியில்தான் நிறுத்துவேன்), நடுவில் காய்ந்த பல்லி ஒன்று. புதுசு 25 வெள்ளி. மாட்டியதும் வந்த காற்றில் என் மேல் துண்டு பறந்தது.

அங்கிள் சொன்னதை அப்படியே தருகிறேன். குளிர வைப்பது கேஸும் கம்ப்ரஸரும், ஊதுவது புளோவர். காற்று ஜில்லென்று இருந்து, வேகம் மட்டும் இல்லையென்றால் முதலில் ஃபில்டர். நம்பரைக் கூட்டும்போது இரைச்சல் கூடியும் காற்று கூடவில்லையா, வழியில் அடைப்பு: ஃபில்டர், இல்லாவிட்டால் காற்றைக் குளிர வைக்கிற கூலிங் காயில் அழுக்கடைந்திருக்கும். இரைச்சலே கூடவில்லையா, புளோவர் மோட்டார். கடைசி நம்பரில் மட்டும் ஓடினால் பெரும்பாலும் புளோவர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெசிஸ்டர். கிளம்பும்போது நன்றாக வந்து, அரை மணி நேரத்தில் காற்று செத்து, நிறுத்தி வைத்தபின் திரும்ப வந்தால் காயிலில் ஐஸ் கட்டுகிறது. கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும் என்பதால் கேஸ் பார்ப்பதே ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 25 வெள்ளி சாமானைப் பார்க்காமல் ஆயிரத்துக்குத் தாவியது எந்த நியாயம்?

திரும்பிப் போய்ப் பழைய கம்ப்ரஸரைக் கேட்டேன். "பழைய இரும்பு லோரி எடுத்துட்டுப் போயிருச்சுக்கா." ரசீதைப் பார்த்தால் 'ஏர்கோன் சர்விஸ்' என்று ஒரே வரி. மாற்றினார்களா என்பதே இப்போது சந்தேகம். நீங்கள் காசு கொடுக்கும் முன்பே கழற்றிய சாமானைக் கேட்டு வாங்குங்கள், ரசீதில் ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை. பாரத்தை நிரப்பிவிட்டேன். பழைய ஃபில்டரைப் பல்லியோடு சேர்த்துப் பையில் கட்டிச் சமையலறை அலமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன். அம்மா தினமும் திட்டுகிறார்.