ரோடாக்ஸ் 912 யூஎல்எஸ்: இலகு விமான எஞ்சின் ஒன்றின் நிறை, குறை, பராமரிப்பு

இரண்டு பேர் அமரும் 600 கிலோ இலகு விமானம் எதன் மூக்கு மூடியைத் திறந்தாலும், உள்ளே பெரும்பாலும் ஆஸ்திரியாவின் குன்ஸ்கிர்ஹென் ஊரில் தயாராகும் ரோடாக்ஸ் 9 வரிசை எஞ்சின்தான் இருக்கும். நம் ஊரிலும் அப்படித்தான். என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள் பறக்கும் பிபிஸ்ட்ரெல் வைரஸ் எஸ்டபிள்யூ 80-ல் இருப்பது 80 குதிரைத்திறன் 912. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் (என்.ஏ.எல்.) வடிவமைத்து, ஓசூரில் தனேஜா நிறுவனம் கட்டிய ஹன்சா-3-ல் இருப்பது டர்போ பொருத்திய 914. இங்கே பேசப்போவது இவற்றின் உடன்பிறப்பான, சந்தையில் அதிகம் கிடைக்கும் 100 குதிரைத்திறன் 912 யூஎல்எஸ் பற்றி.

இது நல்ல எஞ்சின். ஆனால் லைக்கமிங், கான்டினென்டல் போன்ற பழைய பாணி விமான எஞ்சின்களின் பழக்கத்தோடு இதை அணுகுபவர்கள்தான் அதிகம் கெடுக்கிறார்கள். 1352 சி.சி. கொள்ளளவிலிருந்து 100 குதிரைத்திறன் எடுக்கிறது என்றால் அது வேகமாகச் சுழன்றாக வேண்டும். புறப்படும்போது 5800 ஆர்.பி.எம்., அதுவும் 5 நிமிடத்துக்கு மட்டும். தொடர்ந்து ஓட்ட 5500. இடையில் 2.43:1 கியர்பாக்ஸ் இருப்பதால் புரொப்பெல்லர் 2400-ஐக்கூடத் தாண்டாது. சிலிண்டர் தலைகளைக் கூலன்ட் குளிர்விக்கிறது, சிலிண்டர் உடலைக் காற்று. ஆயில் எஞ்சினுக்கு அடியில் தேங்காமல் தனித் தொட்டியில் இருக்கும். கடைசியாகச் சொன்னதைப் புரிந்துகொண்டால் பாதிப் பராமரிப்பு புரிந்துவிடும்.

ஆயில் அளவு பார்ப்பதிலிருந்து தொடங்குவோம். காலையில் டிப்ஸ்டிக்கை உருவினால் அளவு குறைவாகத் தெரியும், ஏனென்றால் ஆயிலில் ஒரு பகுதி எஞ்சினுக்குள்ளேயே தங்கியிருக்கும். அதைத் தொட்டிக்குத் தள்ளுவது பம்ப் அல்ல. பிஸ்டன் ஓரம் கசிந்து வரும் வாயுவின் அழுத்தம். அதனால் இக்னிஷன் இரண்டையும் அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தொட்டி மூடியைத் திறந்து, புரொப்பெல்லரை அது வழக்கமாகச் சுழலும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு அமுக்கத்திலும் சில நொடி நிறுத்திச் சுற்றினால், தொட்டிக்குள் 'குளுக் குளுக்' என்று காற்று வரும் சத்தம் கேட்கும். அப்போது பார்ப்பதே சரியான அளவு. டிப்ஸ்டிக்கின் இரு கோட்டுக்கும் நடுவே உள்ளது சுமார் 0.45 லிட்டர். சத்தம் வருமுன் அவசரப்பட்டு ஊற்றினால் ஆயில் கூடிப்போய் மூச்சுக்குழாய் வழியே விமானத்தின் அடிவயிறெல்லாம் பூசிவிடும். எதிர்த் திசையில் மட்டும் சுற்றவே கூடாது. காற்று உள்ளே இழுக்கப்பட்டு ஹைட்ராலிக் வால்வு லிஃப்டர்களுக்குள் புகுந்தால், அடுத்த ஸ்டார்ட்டில் அவை தட்டத் தொடங்கும்.

ஸ்டார்ட் செய்ததும் 10 நொடிக்குள் ஆயில் அழுத்தம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள். 2000 ஆர்.பி.எம்.-ல் இரண்டு நிமிடம், பிறகு 2500-ல் ஆயில் சூடு 50 டிகிரி தொடும்வரை காத்திருங்கள். நம் வெயிலில் இதற்கு அதிக நேரம் பிடிக்காது. சோக் பயன்படுத்தும்போது த்ராட்டில் முழுதும் மூடியிருக்க வேண்டும். கொஞ்சம் திறந்தாலும் சோக் வேலை செய்யாது. "சோக் போட்டும் பிடிக்கவில்லை" என்று பேட்டரியைத் தீர்ப்பவர்கள் செய்யும் தவறு இதுதான். பலவீனமான பேட்டரி மெதுவாகச் சுற்றினால் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். அந்த அடியை வாங்குவது ஸ்டார்ட்டரின் ஒருவழிக் கிளட்ச்சும் கியர்பாக்ஸும். இக்னிஷன் சோதனை 4000-ல்: ஒன்றை அணைத்தால் 300-க்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டுக்கும் இடையே வேறுபாடு 115-ஐத் தாண்டக் கூடாது.

ஐடிலை, அதாவது த்ராட்டில் மூடியபடி எஞ்சின் ஓடும் வேகத்தை, 1400-க்குக் கீழே விடாதீர்கள். தரையில் காத்திருக்கும்போது 1800 பக்கத்தில் வைத்தால் கியர்பாக்ஸ் கடகடக்காது. புரொப்பெல்லர் இதழ்களின் கோணமும் முக்கியம். பயண வேகம் கூடட்டும் என்று கோணத்தை அதிகம் வைத்து, முழு த்ராட்டிலிலும் 5200-ஐத் தொடாமல் எஞ்சினைத் திணற விடுவது பெரிய தவறு. அமுக்க விகிதம் அதிகமுள்ள எஞ்சின் இது. திணறினால் சிலிண்டருக்குள் எரிபொருள் தட்டி வெடிக்கும்.

இந்த எஞ்சினின் பலவீனமான இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இரண்டு பிங் 64 கார்ப்பரேட்டர்களைத்தான் காட்ட வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டிரண்டு சிலிண்டருக்கு ஊட்டுகின்றன. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எஞ்சின் ஐடிலில் நடுங்கும். அந்த நடுக்கம் கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் அளவைக் காக்கும் மிதவைகளையும் ஊசி வால்வையும், கூடவே கியர்பாக்ஸையும் தேய்க்கும். சரிசெய்வது கடினமல்ல: முதலில் இரு கேபிளும் ஒரே நேரத்தில் த்ராட்டிலைத் தூக்குகின்றனவா என்று கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பிறகு இன்டேக் குழாய்களை இணைக்கும் சமநிலைக் குழாயைக் கழற்றி, இரு பக்கமும் வெற்றிட மானி மாட்டி, ஐடிலிலும் 2500-க்கு மேலும் இரு முள்ளும் ஒன்றாக நிற்கும்படி திருத்த வேண்டும். சுழலும் புரொப்பெல்லருக்குப் பின்னால் கைவைக்கும் வேலை என்பதால் காக்பிட்டில் ஒருவர் பிரேக்கில் கால்வைத்து உட்கார்ந்தே இருக்க வேண்டும். தனியாளாக இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

அடுத்து மிதவைகள். கிண்ணத்தைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்பை விலக்கிக் கிண்ணத்தை இறக்கினால் உள்ளே இரண்டு கறுப்பு மிதவைகள், தனித்தனி ஊசிகளில் ஏறி இறங்கும்படி இருக்கும். சில தொகுதி மிதவைகள் பெட்ரோலைக் குடித்துக் கனத்துவிடுவதாக ரோடாக்ஸே சேவை அறிவிக்கை வெளியிட்டது. கனத்த மிதவை மூழ்கும், ஊசி வால்வு மூடாது, கிண்ணம் நிரம்பி வழியும். ஐடிலில் தடுமாற்றம், பெட்ரோல் வாசனை, கார்ப்பரேட்டருக்கு அடியிலுள்ள தட்டில் சொட்டு ஆகியவை அறிகுறிகள். சோதிக்க நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசு போதும். இரு மிதவையையும் துடைத்து ஒன்றாக வைத்தால் 7 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மாற்றுங்கள், வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள். கிண்ணத்தின் அடியில் கறுப்புத் துகள் கண்டால் அது ஏதோ ஒரு ஹோஸ் உள்ளே உதிர்கிறது என்பதற்கான செய்தி.

ஒரு விஷயம் புதியவர்களுக்குத் திகைப்பாக இருக்கும். த்ராட்டில் கேபிள் அறுந்தால் இந்தக் கார்ப்பரேட்டரின் ஸ்பிரிங் எஞ்சினை ஐடிலுக்குக் கொண்டுவராது. முழு வேகத்துக்குத் திறந்துவிடும். வானில் சக்தி இருப்பது நல்லது என்பதே காரணம். ஓடுதளம் எட்டும் தூரத்துக்கு வந்தபின் இக்னிஷனை அணைத்து இறங்க வேண்டியிருக்கும் என்பதைப் பயிற்சியிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

எரிபொருள்தான் இந்தியாவில் இந்த எஞ்சினின் உண்மையான தலைவலி. ஈயமில்லாத 95 ஆக்டேன் பெட்ரோலுக்காகவே உருவானது இது. ஆனால் ரோடாக்ஸ் அனுமதிக்கும் எத்தனால் 10 சதவீதம் வரைதான், நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது 20 சதவீதம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பரையும் தொட்டிப் பூச்சையும் சோதிக்கும். எந்தப் பெட்ரோலையும் ஊற்றுமுன் சோதிப்பது எளிது: 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் விட்டுக் குலுக்கி வையுங்கள். தெளிந்தபின் அடியில் இருக்கும் நீர்க்கோடு 28 மில்லியில் நின்றால், ஏறிய 18 மில்லி எத்தனால். அதாவது 20 சதவீதம்.

மாற்று 100எல்எல் ஏவ்கேஸ் எனும் ஈயம் கலந்த விமானப் பெட்ரோல். 2022 முதல் இந்தியன் ஆயில் வதோதராவில் இதைத் தயாரிக்கிறது. எஞ்சின் இதில் ஓடும், ஆனால் அதிலுள்ள ஈயம் ஆயிலில் சாம்பல் நிறச் சேறாகப் படியும்: தொட்டியடியில், கியர்பாக்ஸில், பிளக் முனையில். பறக்கும் நேரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ஏவ்கேஸ் என்றால் ஆயிலையும் ஃபில்டரையும் 100 மணிக்குப் பதில் 50 மணிக்கே மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளை 200-க்குப் பதில் 100 மணிக்கு. இதைச் செலவாகப் பார்க்காதீர்கள். கியர்பாக்ஸ் ஓவர்ஹாலைத் தள்ளிப்போடும் வழி இது.

ஆயில் மாற்றும்போது எஞ்சின் சூடாக இருக்கட்டும். முதலில் புரொப்பெல்லரைச் சுற்றி ஆயிலைத் தொட்டிக்கு வரவழைத்து, பிறகு தொட்டியை வடியுங்கள். தொட்டி காலியாக இருக்கையில் புரொப்பெல்லரைத் தொடாதீர்கள். பம்ப் காற்றைக் குடித்துவிடும். புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையால் இறுக்கி, மேலும் முக்கால் சுற்று. பழைய ஃபில்டரைக் கட்டாயம் அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். ஆயிலிலுள்ள இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தப் பிளக்கில் மெல்லிய கறுப்புப் பசை இயல்பு. துகள் குவியல் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் பறக்காமல் காரணம் தேடுங்கள். ஆயில் ஏரோஷெல் ஸ்போர்ட் பிளஸ் 4 போதும். இந்த ஆயில் கியர்பாக்ஸையும் நனைப்பதால், லைக்கமிங்குக்கு ஊற்றும் விமான ஆயில் இதற்கு ஆகாது. உராய்வைக் குறைக்கும் சேர்மங்களும் வேண்டாம், உள்ளே, அதிக அடி வரும்போது நழுவிக் காக்கும், உராய்வில் வேலை செய்யும் ஓவர்லோட் கிளட்ச் இருக்கிறது.

அந்தக் கிளட்ச்சைச் சோதிப்பது கேட்பதைவிட எளிது. கிராங்க் ஷாஃப்ட்டைப் பூட்டு ஊசியால் பூட்டி, புரொப்பெல்லர் மையத்திலிருந்து அரை மீட்டர் தூரத்தில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுங்கள். நகரும்போது தராசு 5 கிலோவுக்கும் 12 கிலோவுக்கும் இடையே காட்ட வேண்டும். அது 25 முதல் 60 நியூட்டன் மீட்டர். குறைந்தால் கியர்பாக்ஸைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது.

ஓவர்ஹாலுக்கு 2000 மணி அல்லது 15 ஆண்டு என்பது தாராளம். ஆனால் விளம்பரத்தில் பெரிதாகத் தெரியாதது ஐந்தாண்டு ரப்பர் மாற்றம்: எரிபொருள், ஆயில், கூலன்ட் ஹோஸ்கள் எல்லாம், கார்ப்பரேட்டர் டயாஃப்ரம்கள், கார்ப்பரேட்டரைத் தாங்கும் ரப்பர் சாக்கெட்டுகள், எரிபொருள் பம்ப். ஆண்டுக்கு 40 மணி பறப்பவருக்கு இது 200 மணியிலேயே வந்து நிற்கும். சாக்கெட்டில் வெடிப்பு விழுந்தால் அந்தப் பக்கம் காற்று கசிந்து கலவை மெலியும். முற்றினால் கார்ப்பரேட்டரே கழன்று தொங்கும். இந்தச் செலவை வாங்கும் நாளிலிருந்தே மாதக் கணக்கில் ஒதுக்கிவையுங்கள்.

சூடான மதியத்தில் இறக்கி, அரை மணி நிறுத்தி, மீண்டும் கிளம்பும்போது ஆவிப்பூட்டு வரலாம். மூடிக்குள் காற்றோட்டம் இல்லாமல் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. தொட்டிக்குத் திரும்பும் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள், நிறுத்தியதும் மூடியில் ஆயில் பார்ப்பதற்காக உள்ள சின்னக் கதவைத் திறந்துவையுங்கள். மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வெப்பத்தில் எரிவதும் பழைய புகார்தான். அதைக் காற்றுப் படும் இடத்துக்கு மாற்றினால் தீரும்.

2012-ல் வந்த 912 ஐஎஸ் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் கொண்டது. எரிபொருள் மிச்சம், கார்ப்பரேட்டர்களை ஒத்துப்போகச் செய்யும் வேலை இல்லை. ஆனால் மின்சாரம் முழுதும் போனால் எஞ்சின் நின்றுவிடும். யூஎல்எஸ் தன் இக்னிஷனுக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது, பேட்டரி செத்தாலும் ஓடும். பெரிய பணிமனை அருகில் இல்லாத ஓடுதளத்தில் வைத்திருப்பவருக்கு யூஎல்எஸ்தான் என் தேர்வு. கம்ப்யூட்டர் மாட்டாமல் கையால் கண்டுபிடித்துத் திருத்த முடிகிற கோளாறுகளே இதில் அதிகம்.

பழைய விமானத்தோடு இந்த எஞ்சினை வாங்குபவர்கள் மணிக்கணக்கை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். 300 மணி ஓடி எட்டு ஆண்டு நின்ற எஞ்சினைவிட, 1200 மணி ஓடி ரப்பர் மாற்றப்பட்ட எஞ்சின் மேல். லாக் புத்தகத்தில் ஐந்தாண்டு மாற்றத்தின் தேதி, சேவை அறிவிக்கைகள் நிறைவேற்றிய பதிவு, எந்த எரிபொருள் ஊற்றினார்கள் என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் கேளுங்கள். பிறகு ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து அடியைப் பாருங்கள். அங்கே சாம்பல் சேறு இருந்தால், புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும், விலையிலிருந்து கியர்பாக்ஸ் ஓவர்ஹால் செலவைக் கழித்தே பேசுங்கள்.