580 வெள்ளி போச்சு: திரையில் காட்டுகிற 2 டெராபைட்டை நம்பி எஸ்எஸ்டி வாங்காதீர்கள்

580 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். கோப்புகளைச் சேமிக்கிற எஸ்எஸ்டிக்கு 389, கணினிக்குக் கூடுதல் ஓட்டைகள் தருகிற ஹப்புக்கு 191. மொத்தத்தையும் பறிகொடுத்துவிட்டு, இன்று மத்தியானம் கடைக்காரன் வாயாலேயே "இனிமே இங்க வந்து சத்தம் போடாதீங்க" என்றும் கேட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கடைப் பெயரைப் போட மாட்டேன், வழக்கு கிழக்கு என்று இழுத்துவிடுவார்கள். கோலாலம்பூரில் கணினிச் சாமான் விற்கும் பேரங்காடிகளில் ஒன்றில், கண்ணாடிப் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் சின்னக் கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விளக்கமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் நடந்ததை முதலில் கொட்டிவிடுகிறேன்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறவள். வீட்டில் இருப்பது 2024-இல் வந்த ஆப்பிள் கணினி, எம்4 மேக் மினி, 256 ஜிபி. உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிய பெட்டி, பக்கத்துக்கு 12.7 சென்டிமீட்டர்தான், வேலையோ அசுர வேலை. ஆனால் இந்த மாடலில் பழைய யூஎஸ்பி-ஏ ஓட்டை ஒன்றுகூடக் கிடையாது. பின்னால் மூன்று தண்டர்போல்ட் 4 (பார்க்க யூஎஸ்பி-சி மாதிரியே இருக்கும், வேகம் 40 ஜிகாபிட் வரை), முன்னால் இரண்டு யூஎஸ்பி-சி. கேமரா கார்டு போடவும் இடமில்லை. ஒரே ஒரு கல்யாணத்தின் 4கே காட்சிகளை இறக்கினாலே 256 ஜிபி மூச்சுத் திணறும். ஆப்பிளிடமே அதிக இடத்தோடு வாங்கலாம் என்றால் அவர்கள் கேட்கும் கூடுதல் காசு நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் வெளியே மாட்டுகிற எஸ்எஸ்டி ஒன்று, மினிக்கு அடியில் வைக்கிற சதுர ஹப் ஒன்று, இரண்டும் வேண்டும் என்று போனேன்.

கவுண்டரில் இருந்தது நம் தமிழ்ப் பையன்தான். "வாங்கக்கா, என்ன மெஷின் வச்சிருக்கீங்க?" என்று ஆரம்பித்தவன் ஒன்றையும் என் தலையில் கட்டப் பார்க்கவில்லை. அதுதான் அவனுடைய திறமை. தீபாவளி ஆஃபர் என்று 389 சொன்னான். வேறு கடைகளில் சொன்ன விலையைவிடக் குறைவுதான், ஆனால் சந்தேகப்படும்படியான அடிமாட்டு விலை இல்லை. பெட்டியை என் கண்ணெதிரே பிரித்து, அவன் விண்டோஸ் லேப்டாப்பில் செருகிக் காட்டினான். 1.81 டெராபைட் என்று வந்தது. "ரெண்டு டெராபைட்னு சொன்னீங்களே தம்பி?" என்று கேட்டேன். கொஞ்சமும் தடுமாறவில்லை. தயாரிக்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவார்கள், விண்டோஸ் 1,024-ஆல் எண்ணும், அதனால் குறைவாகத் தெரியும், உங்கள் மேக்கில் போட்டால் சரியாக 2 டெராபைட் காட்டும் என்று பொறுமையாக விளக்கினான். அவன் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. வீட்டுக்கு வந்து மாட்டியபோது மேக்கில் 2 டெராபைட் என்றே காட்டியது. அப்புறம் ஒரு சின்ன வீடியோவை அதில் காப்பி செய்து ஓட்டியும் காட்டினான். இவ்வளவு நேர்மையாகப் பேசுகிற பையன் எங்கே ஏமாற்றப் போகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது, யாருக்கும் தோன்றும். உண்மையைச் சொல்லியே ஏமாற்றியிருக்கிறான், அதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. 580 வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன், கைநிறையக் கும்பிடும் போட்டான்.

முதல் சந்தேகம் வேகத்தில் வந்தது. எஸ்எஸ்டி என்றால் காட்சிகள் சரசரவென்று இறங்க வேண்டும், இது கொஞ்சம் ஓடியதும் வினாடிக்கு இருபது முப்பது மெகாபைட் என்று நொண்டியது. வாட்ஸ்அப்பில் கேட்டேன். "புது டிரைவ் அப்படித்தான்கா, போகப் போகச் சரியாயிடும்லா" என்று பதில். போகப் போக என்ன ஆனது தெரியுமா? கிள்ளானில் நடந்த ஒரு கல்யாணத்தின் நலங்குக் காட்சிகளை அதில் போட்டிருந்தேன். கோப்புப் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, தேதி இருக்கிறது. திறந்தால் திறக்கவில்லை. முதலில் போட்ட சில கிளிப்புகள் மட்டும் ஓடின, அதற்குப் பிறகு போட்டது அத்தனையும் வெறும் கூடு. கேமராமேன் அண்ணன் முதல் கேமராவின் பிரதியைத் தன்னிடம் வைத்திருந்ததால் கல்யாணம் தப்பியது. இரண்டாவது கேமராவில் மட்டும் இருந்தது, பெண்ணின் பாட்டி மஞ்சள் பூசிவிட்டு அழுதுகொண்டே சிரித்த காட்சி. அது போய்விட்டது. அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வது?

என் அக்கா மகன் எஃப்3 என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தான். அது டிரைவ் நிறையும் வரை தானே கோப்புகளை எழுதி, பிறகு ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். ராத்திரி பகலாக ஓடியது. முடிவில் 60 ஜிபிக்கும் குறைவாகத்தான் தேறியது, மிச்சம் எல்லாம் பொய். விஷயம் இதுதான்: உள்ளே இருக்கிற கட்டுப்பாட்டுச் சில்லின் மென்பொருளை மாற்றி, கணினியிடம் "நான் 2 டெராபைட்" என்று சொல்ல வைத்துவிடுகிறார்கள். கணினியும் அதை அப்படியே நம்பித் திரையில் காட்டும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் டிரைவின் ஆரம்பத்திலேயே எழுதப்படுவதால் அது பத்திரமாக இருக்கும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதுவது காற்றில் போகும், இல்லையென்றால் பழையதன் மேலேயே விழும். டிரைவ் "நிறைந்துவிட்டது" என்று ஒருபோதும் சொல்லாது. கடையில் ஒரு சின்ன வீடியோவைக் காப்பி செய்து காட்டினானே, அது எந்தப் போலி டிரைவிலும் ஓடும்.

ஹப் கதை தனி. பெட்டி மேல் 40 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, "தண்டர்போல்ட் மாதிரியே வேகம்கா" என்றான். மேக்கின் சிஸ்டம் ரிப்போர்ட்டில் தண்டர்போல்ட் பகுதியில் அது தலையே காட்டவில்லை. யூஎஸ்பி பகுதியில், 10 ஜிகாபிட் ஹப் என்று இருந்தது. அது போகட்டும். அண்ணனின் நல்ல எஸ்எஸ்டியை மினியில் நேராக மாட்டினால் வினாடிக்கு ஆயிரம் மெகாபைட் அளவுக்கு ஓடுகிறது, அதையே ஹப்பின் முன்பக்க ஓட்டையில் மாட்டினால் நாற்பதைத் தாண்டவில்லை. அது யூஎஸ்பி 2.0 வேகம், 480 மெகாபிட் (எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்). இருபது வருஷத்துக்கு மேல் பழைய சங்கதியைப் பளபளப்பான அலுமினியத்துக்குள் வைத்து 191 வெள்ளிக்கு விற்றிருக்கிறார்கள். நடுநடுவே டிஸ்க் சரியாக எஜெக்ட் செய்யப்படவில்லை என்ற அறிவிப்பு வேறு வந்துகொண்டே இருக்கும், யாரும் கையே வைத்திருக்க மாட்டோம்.

கடைக்குத் திரும்பப் போனால் அதே பையன், முகம் மட்டும் வேறு. மேக்கில் ஃபார்மட் செய்ததால்தான் கெட்டுப்போனது என்றான். எஃப்3 முடிவைக் காட்டினேன், "அந்த மாதிரி சாஃப்ட்வேர் எல்லாம் டிரைவைக் கெடுத்துடும்" என்றான். சப்ளையரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். அப்புறம் பாஸ் பினாங்கு போயிருக்கிறார் என்றான். வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் விழும், பதில் வராது. எத்தனை நாள் பொறுப்பது? வீட்டில் ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தோம். உள்ளே பெரும்பகுதி காலி. ஒரு மூலையில் விரல் அகலப் பலகை, அதில் பசையால் ஒட்டிய ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, கைபேசியில் போடுவோமே அதே கார்டு. கனம் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு இரும்புத் தகடு. அதைப் படம் பிடித்துக்கொண்டு இன்று போனேன். பாஸ் இருந்தார். படத்தைப் பார்க்கக்கூட இல்லை. "திறந்துட்டீங்களா, வாரண்டி போச்சு" என்றார், ரசீதின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருப்பதை விரலால் தட்டிக் காட்டினார். ரசீதில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? எஸ்எஸ்டி 1, ஹப் 1. இரண்டு டெராபைட் என்று எங்கேயும் இல்லை. எல்லாம் திட்டம் போட்டுத்தான் செய்கிறார்கள்.

அந்த ஒரு வரியை அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியாது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்து இருக்க வேண்டும், அந்தப் பொறுப்பிலிருந்து கடைக்காரன் தன்னைத் தானே விலக்கிக்கொள்ள முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வைக்கத் தேவையில்லை. நாளைக்கே மனு போடுகிறேன். 580 வெள்ளி சின்னக் காசாக அவர்களுக்குத் தெரியலாம், எனக்கு அது ஒரு கல்யாணத்தை உட்கார்ந்து எடிட் செய்த கூலி.

வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சில விஷயம், இப்போது இதற்கு மேல் எழுதப் பொறுமை இல்லை. ரசீதில் கொள்ளளவும் மாடலும் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வாங்கிய அன்றே, உங்கள் வேலைக் கோப்பு எதையும் போடுவதற்கு முன், மேக்கில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டி முழு இடத்தையும் நிரப்பிப் பாருங்கள். ராத்திரி முழுக்க ஓடினாலும் ஓடட்டும். 20 ஜிகாபிட் யூஎஸ்பி 3.2 டிரைவ் என்று கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், இந்த மினியில் அது 10-இல்தான் ஓடும். ஹப்பில் ஒவ்வொரு ஓட்டைக்கும் என்ன வேகம் என்று தனித்தனியாகக் கேளுங்கள், எஸ்எஸ்டியை முடிந்தவரை மினியின் பின்பக்கத்திலேயே நேராக மாட்டுங்கள்.

கறுப்புப் பெட்டி, தங்க நிற எழுத்து, உள்ளே சின்னதாக ஒரு சாம்பல் நிறக் கேபிள், இந்தத் தீபாவளி ஆஃபரில் 389 வெள்ளிக்கு யாராவது வாங்கியிருந்தால் இன்றைக்கே சோதித்துப் பாருங்கள், ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.