மடக்குக் கட்டில் வாங்குவதா, செய்வதா: நான்கு ஃபிரேம்களை நெம்பிப் பார்த்த அலசல்

கைக்குழந்தைக்கு ஒரு கட்டில் வேண்டும், அதுவும் மடக்கி காரில் போட்டுப் பினாங்குக்கு எடுத்துப் போகிற மாதிரி வேண்டும் என்று கோலாலம்பூரில் எந்தக் கடைக்குப் போனாலும், முதலில் எடையைச் சொல்வார்கள், அடுத்து மடித்தால் எவ்வளவு சின்னதாகும் என்பதைச் சொல்வார்கள், அப்புறம் கலர். பூட்டு எப்படி விழுகிறது என்பதை நாமாகக் கேட்டால்தான் உண்டு. கேட்டாலும் "ஸ்ட்ராங்கா இருக்கும், பயப்படாதீங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கு இந்த வரிசையே தலைகீழாகப் படுகிறது. மடிகிற எந்தப் பொருளிலும் ஆபத்து மடிப்பில்தான் இருக்கிறது. பாதி பூட்டிய நிலையில் அது என்ன செய்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், எடையெல்லாம் அதற்குப் பிறகு.

இதை இவ்வளவு தூரம் யோசிக்கக் காரணம் மச்சான். புக்கிட் மெர்தாஜாமில் குழாய் வளைத்து மேசை, நாற்காலி செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். "கடையில கேக்குற காசுக்கு நாமே ஒண்ணு செஞ்சிடலாமே மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தார். சரி, செய்வதற்கு முன்னால் இருப்பதைப் பார்ப்போம் என்று ஒப்பிட்டதில் கையில் மிஞ்சியவை நான்கு ரகம்: மேல்கம்பி நடுவில் மடிகிற பிளேபென், கால்களை வெளிப்பக்கமாக இழுத்து விரிக்கிற பயணக் கட்டில், சக்கரம் வைத்த மடக்கு மரக்கட்டில், நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த ஸ்பிரிங் தொட்டில் ஸ்டாண்டு.

ஸ்பிரிங் தொட்டிலை முதலில் பேசி ஒதுக்கிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் வீட்டில் அதிகம் சண்டை வரும். மலேசியாவில் எந்த இனத்து வீடானாலும் சாரோங்கோ புடவையோ கட்டி ஸ்பிரிங்கில் தொங்கவிட்டுத்தான் பிள்ளையைத் தூங்க வைத்திருக்கிறார்கள், இப்போது மோட்டார் வைத்துத் தானாக ஆட்டும் ரகமும் வந்துவிட்டது. ஸ்டாண்டு சுலபமாக மடியும், விலை குறைவு, அழுகிற பிள்ளையை அடக்குவதில் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் இரவு முழுக்கத் தூங்குகிற இடமாக இதை ஏற்க முடியவில்லை. துணிக்குள் குழந்தை வளைந்து கிடக்கிறது, தாடை மார்பில் இடித்தால் மூச்சுக்குழாய் குறுகும், அந்த வயதுப் பிள்ளைக்குத் தலையை நிமிர்த்திக்கொள்ளத் தெரியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலில் படுக்கை உறுதியாக, தட்டையாக இருக்க வேண்டும், சரிவு 10 டிகிரிக்கு மேல் கூடாது என்றே சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு அந்நாட்டில் சரிவான தூக்கப் படுக்கைகளையே சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். ஃபிரேம் செய்கிறவன் கண்ணோடு பார்த்தாலும் சிக்கல் இருக்கிறது. சுமை முழுவதும் மேலே ஒரே கொக்கியில், அதுவும் குதிக்கிற சுமை. திடீரென்று விழும் எடை, மெதுவாக வைத்த அதே எடையைப் போலக் குறைந்தது இரண்டு மடங்கு அழுத்தும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பகலில், பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஆட்டுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. தூங்கியதும் தூக்கித் தட்டையான இடத்தில் போடுங்கள்.

இனி பிளேபென். கடைகளில் பத்துக்கு எட்டு இதுதான் என்று தோன்றும் அளவுக்குக் குவிந்து கிடக்கிறது. நான்கு மூலைக்கால், நான்கு மேல்கம்பி, ஒவ்வொரு மேல்கம்பிக்கும் நடுவில் ஒரு மூட்டு, தரையில் எல்லாக் கம்பியும் சேர்கிற ஒரு மையம். விரிக்கும்போது முதலில் மேல்கம்பிகளை 'டக்' என்று பூட்ட வேண்டும், அப்புறம்தான் மையத்தைக் கீழே அழுத்த வேண்டும். மடக்கும்போது மையத்தை முதலில் மேலே தூக்கினால்தான் மேல்கம்பி விடும். முதல்முறை விரிக்கிற அப்பாமார்கள் எல்லோரும் இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டுப் பெட்டிமேல் பழி போடுவார்கள், அது வேறு கதை. ஆனால் இந்த வரிசையே பாதுகாப்பின் ஒரு பகுதி: மையம் கீழே இறங்கியதும் கால்கள் வெளியே தள்ளப்பட்டு மேல்கம்பி இழுபட்டு நிற்கிறது, அந்த இழுவையில் மூட்டு தற்செயலாக விடுபடுவது கஷ்டம்.

இப்படி யோசித்து யோசித்துச் செய்ததற்குப் பின்னால் ஒரு கறுப்பு வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிளேஸ்கூல் டிராவல்-லைட் என்ற பயணக் கட்டில் விற்றது. மேல்கம்பி மடிந்து விழுந்தால் 'வி' வடிவத்தில் ஒரு இடுக்கு உண்டாகும், எழுந்து நிற்கிற பிள்ளையின் கழுத்து அந்த இடுக்கில் மாட்டும். 1993இல் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள், ஆனால் விற்றுப்போனவை வீடுகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் அப்படியே இருந்தன. 1998இல் சிகாகோவில் ஒரு குழந்தைப் பராமரிப்பு இல்லத்தில் அப்படி ஒரு கட்டில் மடிந்து, ஒன்றரை வயதை ஒட்டிய ஒரு ஆண்குழந்தை இறந்தது. 2008இல் வந்த அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தில் குழந்தைப் பொருள்களுக்கான பிரிவுக்கு அந்தக் குழந்தையின் பெயரையே வைத்தார்கள். இன்றைய தரமான பிளேபென்னில் மேல்கம்பி முழுதாக விரிந்ததும் பூட்டு தானாக விழுகிறது, நாம் எதையும் திருகவோ தள்ளவோ வேண்டியதில்லை. பழைய மாடல்கள் பலவற்றில் ஆள்தான் பூட்ட வேண்டும், மறந்தால் நேராக நிற்கிற மாதிரியே நிற்கும், பிள்ளை சாய்ந்ததும் மடியும். பழைய கட்டிலை யாராவது சும்மா கொடுத்தால்கூட ஒவ்வொரு மேல்கம்பியின் நடுவிலும் இரண்டு கையையும் ஊன்றி உடல் எடையைப் போட்டு அழுத்திப் பாருங்கள். ஒன்று இறங்கினாலும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள். இன்னொருவருக்குத் தானமாகக் கொடுக்காதீர்கள்.

பிளேபென்னின் குறை எடை. பத்து கிலோவுக்கு மேல், மடித்தால் முக்கால் மீட்டர் நீளத்துக்கு ஒரு மூட்டை. மைவி காரின் பின்பெட்டியில் குறுக்கே போட்டால் ஸ்ட்ரோலருக்கு இடம் தேடணும். இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் வரை போய், அங்கிருந்து ஃபெர்ரியில் ஜார்ஜ்டவுன் போகிறவர்கள், ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் இதுவுமாக நடந்து பார்த்தால் அடுத்த தடவை யோசிப்பார்கள்.

அங்கேதான் வெளியே விரிகிற ரகம் ஜெயிக்கிறது. பேபிபியோர்ன் கம்பெனியின் கட்டில் மாதிரியானவை பையோடு சேர்த்தே ஆறு கிலோ அளவுதான். பெட்டியைத் திறந்து கால்களை வெளியே இழுத்தால் முடிந்தது, துணியே இழுபட்டுச் சுவராகிறது. எனக்கு இதில் பிடித்தது எடை குறைவு என்பதைவிட, மேல்விளிம்பின் நடுவில் மூட்டு எதுவும் இல்லை என்பதுதான். நடுவில் மூட்டே இல்லாத இடத்தில் 'வி' எப்படி வரும்? கால் முழுதாக விரியாவிட்டால் துணி தொளதொளவென்று தொங்கும், தூரத்தில் இருந்து பார்த்தாலே தெரியும். ஆனால் மெத்தை தரையோடு தரையாகக் கிடக்கும். அறுவை செய்து பிள்ளை பெற்றவர் ராத்திரி மூன்று தடவை அந்த ஆழத்துக்குக் குனிந்து தூக்க வேண்டும் என்றால், வாங்கி வந்த கணவனுக்கு நல்ல பெயர் கிடைக்காது. கம்பத்து வீட்டுத் தரையில் எறும்பு வேறு. விலையைக் கேட்டால் மச்சான் பட்டறைப் பக்கம் மனசு தானாகப் போகும்.

மரக்கட்டிலைச் சுருக்கமாக முடிக்கிறேன். நம் நாட்டு ரப்பர் மரம் இதற்கு நல்ல மரம், மூவார் பக்கம் தளவாடத் தொழிலே அதில்தான் ஓடுகிறது. மடக்கினால் தட்டையாகச் சுவரோரம் சாயும், ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் தள்ளலாம், அவ்வளவுதான், ஊருக்குத் தூக்கிப் போக முடியாது. கம்பிகளுக்கு இடையிலான இடைவெளியை டேப் வைத்து அளந்து வாங்குங்கள்: ஐரோப்பியத் தரத்தில் 45 முதல் 65 மில்லிமீட்டர், அமெரிக்காவில் அதிகபட்சம் 60. ஒரு பக்கம் மேலும் கீழும் சறுக்குகிற பழைய வகை வேண்டவே வேண்டாம், அமெரிக்காவில் 2011 ஜூன் முதல் அதை விற்கவே கூடாது. இங்கே பழைய சாமான் சந்தையில் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

மச்சானின் முதல் யோசனை, பிளேபென் அமைப்பையே எடுத்து இரும்புக்குப் பதில் அலுமினியம் போடுவது. கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குப் போட்டால் அவ்வளவு நன்றாக இல்லை. அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, சரி. ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான், அதாவது அதே அளவு குழாய் மூன்று மடங்கு வளையும். 25 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புக் குழாய் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 600 கிராம். அதே விறைப்பு அலுமினியத்தில் வேண்டுமென்றால், அதே கனத்தில் 36 மில்லிமீட்டர் குழாய் போட வேண்டும், மீட்டருக்கு 300 கிராம். ஃபிரேமுக்கு ஒன்பது மீட்டர் குழாய் போகிறது என்று வைத்துக்கொண்டால் இரண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே மிச்சம். நல்லதுதான், ஆனால் எட்டுப் பத்துக் குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் மடங்கும்போது ஒவ்வொன்றும் 11 மில்லிமீட்டர் தடித்தால் மூட்டை எவ்வளவு பருக்கும் என்று பாருங்கள். தூக்கினால் லேசு, வண்டியில் இடம் போதாது. மூட்டில் ரிவெட் ஓட்டைகள் வேறு, தினமும் மடக்கி விரித்தால் அலுமினியத்தில் சீக்கிரம் அகன்றுவிடும், அகன்ற ஓட்டையில் பூட்டு சரியாக உட்காராது, பேச்சு மறுபடியும் பூட்டுக்கே வந்துவிட்டது.

அதனால் என் கட்சி: கால்களும் அடிப்பாகமும் இரும்பு, மேல்விளிம்பு மட்டும் அலுமினியம், விளிம்பின் நடுவில் மூட்டு கிடையாது, மடிப்பு எல்லாம் மூலையில். மச்சான் இதற்கு உடனே ஒத்துக்கொள்ளவில்லை. நடுவில் மடியாவிட்டால் ஒரு மீட்டர் நீளக் கம்பி ஒரு மீட்டராகவே இருக்கும், மூட்டை நீளும், வாங்குகிறவன் நீளத்தைத்தான் பார்ப்பான் என்கிறார். அது உண்மை. அதற்காக நடுமூட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் என் நிபந்தனை ஒன்றுதான்: பூட்டு விழவில்லை என்றால் கம்பி நிற்கவே கூடாது. மூட்டுக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் வைத்துக் கம்பியைக் கீழ்நோக்கித் தள்ள வேண்டும், பூட்டாத கம்பி ஒரு சாண் தொங்க வேண்டும், தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பாட்டிக்கும் "இது சரியில்லையே" என்று தெரிய வேண்டும். பூட்டைத் திறக்க இரண்டு வேறு அசைவுகள் தேவைப்பட வேண்டும், இரண்டு வயது அக்கா ஒரு பொத்தானை அமுக்கித் தம்பியின் கட்டிலைச் சாய்த்துவிடக் கூடாது. விரல் நுழைந்து மாட்டுகிற 7 முதல் 12 மில்லிமீட்டர் ஓட்டை எங்கும் இருக்கக் கூடாது. வலைத்துணியின் கண் 6 மில்லிமீட்டருக்குள். வலை எப்படியும் வேண்டும், நம் ஊர்ப் புழுக்கத்தில் நாலு பக்கமும் துணியால் மூடிய கட்டிலில் பிள்ளை வெந்துபோகும். குழாய் முனைகளை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பினாங்குக் கடற்காற்றில் உள்ளுக்குள்ளேயே துருப் பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

மெத்தை விஷயத்தில் வீட்டுப் பெரியவர்களோடு ஒரு பஞ்சாயத்து நிச்சயம். "என்னம்மா இது அட்டை மாதிரி இருக்கு, பிள்ளைக்கு முதுகு வலிக்காதா?" என்று கேட்டுக்கொண்டே அத்தை ஒரு பஞ்சு மெத்தையை மேலே விரிப்பார். அந்த மெல்லிய மெத்தை வேண்டுமென்றே மெல்லியதாக வைத்தது. அமெரிக்கத் தரத்தில் பிளேபென் மெத்தைக்குள் அடைக்கிற நுரையின் கனமே 25 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வலைச்சுவர் அழுத்தினால் வெளியே வளையும், மேலே இன்னொரு மெத்தை போட்டால் அதற்கும் வலைக்கும் நடுவில் பிள்ளை உருண்டு மாட்டிக்கொள்ளும், மூச்சு அடைக்கும். அத்தையிடம் இதைச் சொல்லும்போது அமெரிக்கா, தரம் என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் முழங்கையை அந்த இடுக்கில் விட்டுக் காட்டுங்கள், போதும்.

அப்படியானால் எதை வாங்குவது? சென்டூலிலோ பிரிக்ஃபீல்ட்சிலோ சின்ன பிளாட்டில் இருக்கிறீர்கள், காரில் மட்டும் பயணம், பட்ஜெட் இறுக்கம் என்றால் தானாகப் பூட்டுகிற புது பிளேபென். ரயில், விமானம் என்று சுற்றுகிறவர்கள், காசும் இருக்கிறது என்றால் வெளியே விரிகிற ரகம். எதை வாங்கினாலும் பிள்ளை 14 கிலோவை எட்டினாலோ, 89 சென்டிமீட்டர் உயரம் வந்தாலோ, அதற்கு முன்பே விளிம்பில் ஏறப் பார்த்தாலோ அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை என்று எப்போது போனாலும் பட்டர்வொர்த்திலோ ஜெலுத்தோங்கிலோ அதே பாட்டி வீட்டுக்குத்தான் போகிறீர்கள் என்றால் மடக்குக் கட்டில் எதற்கு? மடியாத, மூட்டே இல்லாத ஒரு சாதாரண மரக்கட்டிலை அங்கேயே வாங்கிப் போட்டுவிட்டால் தூக்குகிற வேலையும் இல்லை, பூட்டுகிற கவலையும் இல்லை, வண்டியில் இன்னும் இரண்டு பை வைக்கலாம். மச்சானிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே குழாயை அறுக்க ஆரம்பித்துவிட்டார்.